பகலில் தூங்கிய கோழிகள்

திருச்சுழி பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். வெளியே கருவேலங்காடு கானலில் மிதந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக் கோழிக பட்டப்பகல்ல தூங்குச்சுகக்கா. நின்னமேனிக்கே, கனவு காண்ற மாதிரி.”

“அப்புறம்?”

“சாகுறதுக்குள்ள அறுத்துட்டோம். வீணாப் போயிருமுல்ல.”

“அடியேய், பறவைக் காய்ச்சலா இருந்தா?”

“நல்லா வேகவச்சுத்தான் தின்னோம். ஞாயித்துக்கெழம தின்னது, எனக்கு ஒண்ணும் செய்யலயே.”

“நல்லா வெந்துட்டா கிருமி செத்துரும்டி. ஆனா வேகுறதுக்கு முன்னாடி அறுத்து, றெக்கய பிச்சு, கொடல எடுத்தது யாரு?”

“மருமக.”

“அவ எப்படி இருக்கா?”

கோழிக்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக் கானலைப் பார்த்தாள்.

“நேத்துலருந்து தூங்கிக்கிட்டே இருக்காக்கா. வேல அலுப்புன்னு நெனச்சு எழுப்பாம வந்துட்டேன்.”