பிள்ளை பெற்றவளின் தட்டு

தலைமை ஏற்றிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக அதிகாரி அவர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அக்காவின் மகனே, மருமகளே, ஈர ஏப்ரனோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்ட சமையலறைச் சகோதரிகளே! எல்லோருக்கும் வணக்கம். முதலில் சமையலறைக்காரர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். இது உங்கள் வீட்டுத் துக்கம். நீங்கள் ஏன் வாசலில் நிற்கவேண்டும்?

இருபத்தாறு ஆண்டுகள் நம் பிரசவ மருத்துவமனைக்குச் சமைத்துப் போட்ட தலைமைச் சமையலர், நாம் எல்லோரும் வாய் நிறைய ‘அடுப்படி அக்கா’ என்று கூப்பிட்ட அந்த அம்மையார், போன செவ்வாய்க்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். நான் இங்கே பிரசவ வார்டின் தலைமை மருத்துவர். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கோபத்தைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் அக்காதான்.

அக்கா எப்படி வேலை செய்தார்? காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நேராக வார்டுக்கு வருவார். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி: “உங்க வீட்டுல பிள்ளை பெத்தவளுக்கு என்ன சமைச்சுக் குடுப்பாங்க?” ஒருத்தி பூண்டு என்பாள், ஒருத்தி எள் என்பாள், ஒருத்தி ஆட்டு ஈரல் என்பாள், இன்னொருத்தி தானியக் கஞ்சி என்பாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பார். “டாக்டரம்மா, இதுல எது ஆகும், எது ஆகாது?” நான் ஆகாது என்றதை அவர் ஒருநாளும் சமைத்ததில்லை. பிள்ளை பெற்றவள் தண்ணீரே குடிக்கக்கூடாது என்று ஒரு மாமியார் சொம்பை ஒளித்துவைத்தார். அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அத்தை, பால் குடுக்கிற உடம்புக்குத் தண்ணி வேணும். நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க, கோபம் கொஞ்சம் அடங்கும்” என்றார். வார்டே சிரித்தது, மாமியாரும் சிரித்தார், சொம்பு வெளியே வந்துவிட்டது!

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ரத்தசோகையோடு வந்து சேர்ந்தாள். மாத்திரை கொடுத்தேன். கீரை, முட்டை, பேரீச்சம்பழம் என்று அக்கா தனியாகச் சமைத்து அனுப்பினார். தட்டு ஒவ்வொரு வேளையும் காலியாகத் திரும்பியது. நர்ஸ் ‘முழுவதும் சாப்பிட்டார்’ என்று எழுதினாள், நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் ஏறவில்லை. மாத்திரையை மாற்றினேன். அப்போதும் ஏறவில்லை. பிரசவத்தில் இவளை எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

அக்கா அந்தத் தட்டோடு என் மேசைக்கு வந்தார். “டாக்டரம்மா, இதைப் பாருங்க. இது சாப்பிட்ட தட்டு இல்ல.”

“காலியாத்தானே இருக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

“அதான் சொல்றேன். நிறைமாச வயித்துக்காரியால இப்படி வழிச்சுச் சாப்பிட முடியாது. வயிறு மேல முட்டும், ரெண்டு வாய் கண்டிப்பா மிஞ்சும். இருபது வருஷமா தட்டு கழுவுறதைப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

அவர் சொன்னதுதான் உண்மை. பார்வையாளர் நேரத்தில் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள் சித்தியோடு வருவார்கள். தட்டில் இருந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய், டப்பா அவர்களோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அவளைத் திட்டினாரா? இல்லை. மறுநாள் இரண்டு பங்காகக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். “இது உன் பிள்ளைங்களுக்கு. இது உனக்கு, என் கண்ணு முன்னால சாப்பிடு” என்று அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மருத்துவமனைச் சாப்பாடு வெளியே போகக்கூடாது என்று அக்காவுக்கு மெமோ கொடுத்தேன்! படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “வீட்டுல பிள்ளைங்க பட்டினி கிடந்தா எந்தத் தாய்க்கு டாக்டரம்மா சோறு இறங்கும்?”

மெமோவை நானே கிழித்தேன். அதிலிருந்து மூன்றாவது வாரத்தில் ரத்தம் ஏறத் தொடங்கியது, தாயும் பிள்ளையும் நலமாக வீடு போனார்கள். மாத்திரை வேலை செய்யவில்லையா என்றால், செய்தது. ஆனால் வயிறு காய்ந்த உடம்பில் மாத்திரை மட்டும் தனியாக என்ன செய்துவிடும்? அன்று அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.

நண்பர்களே, இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு கடிதம் ஒரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. சமையலறையை மூடிவிட்டு, வெளியிலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பொட்டலச் சாப்பாடு வரவழைக்கலாம், அதற்கு மருத்துவர் என்ற முறையில் என் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தக் கடிதம். அக்காவுக்கும் இது தெரியும். நோயில் படுத்திருந்தவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கையெழுத்து போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். மூணாம் கட்டில் பொண்ணுக்கு வாய் கசக்குதாம், இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி குடுக்கச் சொல்லுங்க.”

என்ன ஐயா? இதை அப்புறம் பேசலாம் என்கிறீர்களா? மன்னிக்க வேண்டும் நிர்வாக அதிகாரி அவர்களே, அப்புறம் பேசினால் எனக்குத் தைரியம் போய்விடும். பொட்டலம் யாரைக் கேள்வி கேட்கும்? திரும்பி வரும் தட்டை யார் பார்ப்பார்? நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை இந்த அடுப்பு எரியும். காலையில் கட்டில் கட்டிலாகப் போய் அக்கா கேட்ட கேள்வியை அவர் மருமகள் கேட்பார், அவரும் நம் சமையலறையில்தான் பத்து வருடமாக நிற்கிறார். திரும்பி வரும் தட்டுகளை இனி நானும் போய்ப் பார்ப்பேன். இது என் உறுதி!

நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மேலே இருபத்திரண்டு தாய்மார்கள் இன்னும் சாப்பிடவில்லை. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருப்பார். எழுந்திருங்கள், ஆளுக்கு ஒரு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், சூடு ஆறுவதற்குள் மாடிக்குப் போவோம். அதிகாரி அவர்களே, உங்களுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. மூன்றாம் கட்டிலுக்கு நீங்கள் கொண்டுபோங்கள், அவள் முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.