ஆறு நாள் முன்னதாக ஒரு மரியாதை

பாடம் நடத்துவதில் எனக்குப் பிடித்தது முதல் நாள்தான், மார்னி. அன்றைக்கு யாரும் எதையும் எழுதிக் கொண்டுவர மாட்டார்கள், நானும் எதையும் கேட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை. திரையிசை படிக்க வந்த இருபது பிள்ளைகள், எல்லோருக்கும் அடுத்த வருடமே பெரிய படம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. அவர்களிடம் இசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. போனில் எப்படிப் பேசுவது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எம்மெட் ஹோல்கேட்டின் மகளான உனக்கு இந்தப் போன் வழக்கம் தெரியாமல் இருக்காது. ஒருவர் ஒரு படத்துக்குப் பின்னணி இசை எழுதிக்கொண்டிருப்பார். இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ தயாரிப்பாளரின் மனைவிக்கோ அது பிடிக்காமல் போகும். எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவரைக் கூப்பிடுவார்கள். பழையவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அதனால் புதியவர், ஒப்புக்கொள்வதற்கு முன், பழையவரைக் கூப்பிட்டுத் தானே சொல்லிவிட வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை. எங்களுக்குள் ஒரு மரியாதை.

இதைப் பற்றி முப்பது ஊர்களில் பேசியிருக்கிறேன். டொராண்டோவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆஸ்டினில் முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். பிறகு விசாரித்ததில் அவளுக்குக் கண்ணில் ஏதோ ஒவ்வாமையாம். இருந்தாலும் அதை என் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

நீ கேட்பதில் முக்கியமானது ஒரே கேள்வி. இயக்குநர் நார்மின் படத்திலிருந்து உன் அப்பாவை உண்மையிலேயே நீக்கினார்களா? சாகும்வரை அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவருடைய நினைவுக் கூட்டத்தில் நான் பேசுவதற்குள் பதில் வேண்டும் என்கிறாய். நியாயம்தான். உன் போனில் பதிவு ஓடுகிறதா? சரி.

அப்போது நான் டிவியில் ஒரு துப்பறியும் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு துரத்தல், வாரம் அதே டிரம்பெட். உன் அப்பாவுக்கு நார்மின் படம் கிடைத்திருந்தது. கணவன் செத்தபிறகு அவனுடைய படகை ஓட்டும் ஒரு பெண்ணின் கதை. வெள்ளிக்கிழமைதோறும் பர்பாங்கில் ஒரு சாண்ட்விச் கடையில் நாங்கள் இருவரும் சாப்பிடுவோம்.

"அவ புருஷனோட சட்டையெல்லாம் மடிச்சு வைக்கிற சீன் இருக்கு" என்றார்.

"அதுக்கு என்னடா போட்ட?"

"ஒண்ணும் போடலை."

"சம்பளம் வாங்கிட்டு ஒண்ணும் போடலையா?"

"ரெண்டு நிமிஷம் சும்மா விட்டுட்டேன். கடைசிச் சட்டைக்கு ஒரே ஒரு கிளாரினெட். நீயா இருந்தா நாப்பது வயலினக் கூட்டிட்டு வந்து அந்தப் பொம்பளையச் சட்டை மடிக்கவே விட்டிருக்க மாட்ட."

வாய் நிறைய ஊறுகாய் வெள்ளரியோடு சிரித்தார். அவர் சொன்னது தப்பு. என் மனதில் நாற்பத்திரண்டு இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கார் கழுவும் இடத்தில் நார்மைப் பார்த்தேன். படம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் போகுது. எம்மெட் கொஞ்சம் மெதுவா எழுதுறான், அவ்வளவுதான்" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. என் விசிட்டிங் கார்டு அட்டையைக் கொடுத்தேன். பார்க்காமலே காருக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எம்மெட், இதை வேற யாரும் சொல்லி நீ கேக்கக் கூடாது. நார்ம் என்னைக் கூப்பிட்டிருக்கான்."

 போனில் அவருக்குப் பின்னால் நீ ஏதோ பாடிக்கொண்டிருந்தாய். உனக்கு ஏழு வயது இருக்கும், சுருதி அப்போதே மோசம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா அவன்."

"அவனுங்க என்னைக்குச் சொல்லியிருக்கானுங்க? உன்கிட்ட கேக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"நீயாவது கூப்பிட்டியே. நீ மனுஷன்டா, லைல்."

உன் அப்பா ரோஷக்காரர். அது தெரியாமல் நான் கூப்பிடவில்லை. அவர்கள் நீக்கும்வரை அவர் காத்திருக்க மாட்டார். மறுநாள் காலையே உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். நார்ம் பதறிப்போய்ப் பன்னிரண்டு முறை போன் செய்தார். நீக்கப் பார்த்தவன் இப்போது நடிக்கிறான் என்று நினைத்து உன் அப்பா எடுக்கவே இல்லை. ரெக்கார்டிங் தேதி நெருங்கிவிட்டது. ஆறாவது நாள் நார்ம் காரில் என் அட்டையைத் தேடி எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

ஆக, நான் உன் அப்பாவிடம் சொன்னது பொய்யல்ல. ஆறு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்துக்குக் கிடைத்த விருது உனக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. அதை வைத்துக் கல்லூரி வேலை, அதை வைத்து மேடைகள். உன் அப்பா பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் என்று ஊரெல்லாம் பேச்சு. யாரும் கூப்பிடவில்லை. நான்தான் என் துறைக்கு அழைத்துவந்து வாரம் இரண்டு வகுப்பு கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்த ஊர்லயே எனக்குப் போன் பண்ணிச் சொன்ன ஒரே ஆளு இவர்தான்." நான் தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி, நார்மின் மனைவி உனக்குக் கொடுத்து, நீ இங்கே கொண்டுவந்திருக்கும் அந்தக் கடிதத்தின் நகல். ஒன்பது வருடம் கழித்து நார்ம் உன் அப்பாவுக்கு எழுதியது, கல்லூரி முகவரிக்கு. "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு இன்னும் தெரியலை எம்மெட். நீ மாதிரிக்குக் கொடுத்த அந்தக் கிளாரினெட் டேப்பை இன்னும் வச்சிருக்கேன். இது என் கடைசிப் படம். வா." நல்ல கடிதம். துறைக்கு வரும் தபாலெல்லாம் முதலில் என் மேஜைக்கு வரும், அது ஒரு நிர்வாக ஏற்பாடு. உன் அப்பாவுக்கு அப்போது ரத்த அழுத்தம். அந்த நிலையில் இப்படி ஒன்றைப் படித்தால் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை. எம்மெட் இப்போது எழுதுவதை விட்டுவிட்டார் என்று நானே நார்முக்குப் பதில் போட்டேன். அது உண்மையும்கூட. வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன் என்றும் கீழே ஒரு வரி சேர்த்தேன். நார்ம் சம்மதித்தார்.

பிறகு, இரண்டு அறை தள்ளி இருந்த உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்தே போயிருக்கலாம். ஆனால் வழக்கம் வழக்கம்தான்.

"எம்மெட், நார்ம் மறுபடியும் படம் எடுக்குறான். என்னை எழுதச் சொல்றான். உனக்கு வருத்தம்னா சொல்லு, விட்டுடறேன்."

"எடுத்துக்கோடா. அவனுக்கு என்னோடது என்னைக்குமே பிடிச்சதில்லையே."

அன்று மாலை அவர் தன் பழைய கிளாரினெட் இசைத்தாள்களைத் துறையின் பழைய காகிதத் தொட்டியில் போட்டார். நான் எடுத்து வைக்கவில்லை. அவருடைய முடிவு அது, அதில் நான் தலையிடுவது முறையல்ல.

எனவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை. யாரும் அவரை நீக்கவில்லை. அவரை விரும்பிய ஒரு படத்திலிருந்து ஒரு முறையும், அவரைத் தேடிவந்த இன்னொரு படத்திலிருந்து ஒரு முறையும் அவரை வெளியே வைத்தது நான். வியாழக்கிழமை எனக்குப் பதிலாக நீயே இந்தப் பதிவை எல்லோர் முன்னும் போட்டுக் காட்டு. தடுக்க மாட்டேன்.

வேறு யாருக்காவது இப்படிச் செய்தேனா என்று உள்ளே வரும்போதே கேட்டாய். உன் அப்பாவையும் சேர்த்து ஏழு பேர். நான்கு பேர் விலகினார்கள். மூன்று பேர் நேராக இயக்குநரிடம் போய்க் கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்றதும், என்னை யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்து எனக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் ஒரு கூடை பேரிக்காய்கூட அனுப்பினார். பெயர்களைத் தருகிறேன், எழுதிக்கொள்.

ஆனால் அதோடு இதையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர்கள் என்னைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் எவ்வளவோ பேர் சத்தமில்லாமல் அடுத்தவன் படத்தைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த நாற்பது வருடத்தில் கூப்பிட்டுச் சொல்லாமல் ஒருவருடைய படத்தைக்கூட நான் எடுத்ததில்லை.