மூச்ச விடுங்க அண்ணாச்சி

கைய எறக்குங்க அண்ணாச்சி. அப்பிடியில்ல, சும்மா தொங்கவிடுங்க... கலெக்டர் முன்னால நிக்கிற மாதிரி எதுக்கு வெறைச்சுப்போய் நிக்கீங்க? சட்டைக்கு அளவுதான எடுக்கேன். மூச்ச விடுங்க. விட்டாச்சா? எங்க விட்டீங்க, டேப்பு இன்னும் முறுக்கா நிக்கிதே.

இதான் அண்ணாச்சி இந்தத் தொழில்ல பெரிய தொந்தரவு. டேப்ப நெஞ்சுல சுத்துனா போதும், கோவில்பட்டில இருக்கிற அம்புட்டு ஆம்பளையும் பயில்வான் ஆயிருதான். நான் முப்பத்தாறுன்னு எழுதிக்கிடுதேன். தச்சிக் குடுக்கேன். வீட்டுல போய்ப் போட்டுப் பாத்தா சாக்குக்குள்ள நொழைஞ்ச மாதிரி தொளதொளன்னு கெடக்கு. ஒடனே என்ன சொல்லுதான்? அப்பன் நல்லாத் தச்சாரு, மகன் படிச்சிட்டு வந்து துணியக் கெடுக்கான். போன வாரம் ஒருத்தரு டெரிகாட்டன் சட்டைய இந்த மேசையில எறிஞ்சிட்டே போயிட்டாரு. அவரு இழுத்த மூச்சுக்கு நானா பொறுப்பு, சொல்லுங்க பாப்போம்.

சொல்ல மாட்டீங்க. சரி.

எங்கய்யா இருந்தா வேற மாதிரி. டேப்ப சுத்திப் பிடிச்சிக்கிட்டு ஏதாவது ஒரு கேள்வி கேப்பாவ. உங்க பக்கம் மழை உண்டுமா, பருத்தி எடுத்தாச்சா, மகள எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்குன்னு. பதில் சொல்ல வாயத் தொறந்தா மூச்சு வெளிய வந்துதான ஆவணும்? அந்த நேரம் பாத்து டேப்ப ஒரு இழு. உள்ள அளவு வந்துரும். இப்ப அவியளுக்குக் கண்ணுல பொறை விழுந்து வீட்டுல இருக்காவ, நான் உக்காந்திருக்கேன். நானுந்தான் கேக்கேன், நீங்க விளாத்திகுளம் பக்கமா, என்ன சோலியா வந்தீங்கன்னு... தலைய ஆட்டுதீங்களே தவிர வாயத் தொறக்க மாட்டேங்கீங்க. வந்ததும் மாடிப்படி எங்கன இருக்குன்னு கேட்டதோட சரி. அப்புறம் என்ன நெனைச்சீங்களோ, சட்டை தைக்கணும்னு துணிய எடுத்து நீட்டிட்டீங்க.

பை வாய்க்குள்ள இருந்து புது லங்கோடு எட்டிப் பாக்குது. அத நான் பாக்கல. உள்ள தள்ளிக்கிடுங்க.

பயந்துறாதீங்க, மேல இரும்பப் போடுதாங்க. தேகப்பயிற்சிக் கூடம்தான? ஒரு நாளைக்கு நூறு வாட்டி இப்பிடி டமார்னு கேக்கும், என் மேசையில இருக்கிற சாக்பீஸ் டப்பா துள்ளிக் கீழ விழும். நாலு வருசமா நான் குனிஞ்சு குனிஞ்சு சாக்பீஸ் பொறுக்குதேன். அதுவே ஒரு தேகப்பயிற்சிதான்னு வையுங்க.

சங்கரபாண்டியும் இப்பிடித்தான், மொத நாளு நீங்க நிக்கிற எடத்துல வந்து நின்னான்.

முன்கூட்டியே சொல்லிருதேன் அண்ணாச்சி, இதுல முக்காவாசி நான் நேர்ல பாத்தது கெடையாது. பாதி அவன் சொன்னது. பாதி மேல கூடத்த நடத்துற ஆறுமுகசாமி அண்ணாச்சி, மில்லுல பிட்டரா இருக்காவளே அவிய, பட்டன் தைக்க வந்தப்ப சொன்னது. கூட்டிச் சொல்லுற பழக்கம் எனக்கு இல்ல. பி.எஸ்சி. படிச்சவன், எங்க குடும்பத்துல மொத பட்டம். தெரியாதத தெரியும்னு சொன்னா ராத்திரி உறக்கம் வராது.

சங்கரபாண்டிக்குக் கழுகுமலைப் பக்கம். இங்கன ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல வருகை எழுதுற வேலை. அம்மை வெயிலுகந்தம்மாளும் அங்கனதான், குச்சி அடுக்குற வேலை. பதினஞ்சு வருசமா ஒரே எடத்துல உக்காந்து அடுக்கி, பாவம் எந்திரிச்சா முதுகு நிமிராது. ஒரு நாளு மருந்து முக்குற கொட்டகையில தீப்பிடிச்சிட்டு. பெருசா இல்ல. ஆனா வண்டி வந்துச்சு, தொப்பி போட்டவங்க நாலு பேரு குதிச்சாங்க, பத்து நிமிசத்துல அமத்திட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குப் பிடிச்சது அவனுக்கு. தீயணைப்புல சேருவேன், அம்மைய வேலைய விட்டு நிப்பாட்டுவேன்னு. ஓடிருவான், எழுதிருவான். நெஞ்சளவுதான் பயம். சும்மா நிக்கும்போது முப்பத்திரெண்டு இஞ்சு இருக்கணுமாம், மூச்ச இழுத்தா அதுக்கு மேல ரெண்டு இஞ்சு விரியணுமாம். அவனுக்கு இருந்த வயசுக்கு ரெண்டு வாட்டிதான் ஆள் எடுப்புக்குப் போவ முடியும். அதான் மேல சேர வந்தான்.

வந்தவன் நாலு படி ஏறுனான். எறங்கிட்டான். இந்த ஸ்டூல்ல உக்காந்து சாயங்காலம் முழுக்கப் பேப்பர் படிச்சிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டான். மறுநாளும் அப்பிடியே. மூணாம் நாளும் அப்பிடியே. என்னலேன்னு கேட்டா, மேல சட்டையக் கழத்தணுமாம். சுவரு நீளத்துக்குக் கண்ணாடி இருக்காம். அங்கன இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் தேக்கு மரம் மாதிரி இருக்கானாம். "நெஞ்செலும்ப எண்ணிருவாங்க தங்கச்சாமி"ங்கான்.

நாலாம் நாளு நான் ஒரு யோசனை சொன்னேன் அண்ணாச்சி. சும்மா இருந்திருக்கலாம். தெனம் இந்த டேப்ப வச்சிக்கிட்டுப் பாக்குறதுதான, அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். "லேய், மூச்ச இழுத்து நெஞ்சுல நிப்பாட்டிக்கோ. எவனும் எண்ண மாட்டான்."

அப்பிடியே போனான். யோசனை பலிச்சிட்டு. ஒருத்தனும் சிரிக்கல. ஆனா மூச்ச விடணும்னா அவனுக்குத் தண்ணிப் பானைதான் கதி. மூலையில பானை இருக்கு, சுவத்தப் பாத்துக் குனிஞ்சு தண்ணி மோக்கிற சாக்குல ஒரு மூச்சு விட்டு, ஒரு மூச்சு வாங்கிக்கிட்டு வருவான். பானைக்கும் பெஞ்சுக்குமா நடந்தே பாதி நேரம் போயிருக்கு. தண்டால் எடுக்கும்போது பானை ஏது? எட்டாவது தண்டால்ல கண்ணு இருட்டி மூஞ்சி தரையில போய் இடிச்சிட்டு. ஆறுமுகசாமி அண்ணாச்சி, பையனுக்குச் சத்து பத்தலன்னு ஊறவச்ச நெலக்கடலை திங்கச் சொல்லி விட்டுட்டாவ. அவியளுக்கு என்ன தெரியும், உள்ள காத்து அடைச்சு வச்சிருக்கான்னு.

மேல ஒரு வழக்கம் உண்டு. மாசப் பொறப்பு அன்னைக்கு எல்லாரையும் அளந்து, சுவத்துல பேரப் போட்டு எதுக்க அளவ எழுதிருவாவ. துணியில கோடு போடுற நீலச் சாக்பீஸு, என் கடையில இருந்துதான் போவுது. அவன் பேருக்கு எதுக்க முப்பத்தி மூணரைன்னு எழுதிட்டாவ. எறங்கி வந்தவன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். மறுமாசம் முப்பத்தி நாலு. சுவத்துல நம்பர் ஏறுனதும் இவனால கீழ எறங்க முடியல. தெருவுல, பஸ்ஸுல, சோறு திங்கும்போது, எந்நேரமும் நெஞ்சு தூக்கிக்கிட்டே நிக்கிது. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற பொம்பளைங்க, எலே சங்கரபாண்டி சேவல முழுங்கிட்டியான்னு கேட்டிருக்காங்க.

பாளையங்கோட்டையில ஆள் எடுப்பு. ஓட்டம் ஓடிட்டான். நெஞ்ச அளந்தாங்க, முப்பத்தி நாலு. எழுதிக்கிட்டு, இப்ப மூச்ச இழுய்யான்னாரு அந்த ஆபீசரு. எங்கன இழுக்க? இழுத்தது பூராவும் ஏற்கெனவே உள்ள இருக்கு. மூஞ்சி செவந்து, கழுத்து நரம்பு பொடைச்சு, முப்பத்தி நாலே கால்.

"சும்மா நில்லுய்யா மொதல்ல."

"சும்மாதான் நிக்கேன் ஐயா."

போன்னு சொல்லிட்டாங்க. முப்பத்தி நாலு இருக்கிறவன் விரியலன்னு வெளிய. அவனுக்குப் பின்னால நின்ன குச்சிப் பய ஒருத்தன், முப்பத்திரெண்டும் முப்பத்தி நாலரையும், உள்ள.

பாசஞ்சர்ல வந்து எறங்கி நேரா இங்கதான் வந்தான். என்னைய ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்த ஸ்டூல்ல உக்காந்து நடந்ததச் சொன்னான், சொல்லிட்டு, அம்மைகிட்ட என்ன சொல்லன்னு கேட்டான். என் யோசனைதான அண்ணாச்சி அவன வெளிய அனுப்புனது? எனக்கு நாலு நாளு பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கக் கை ஓடல.

அடுத்த ஆள் எடுப்புக்கு எட்டு மாசம் இருந்துச்சு. அதான் கடைசி. நான் இங்கன நிப்பாட்டி டேப்ப சுத்துனேன். டேப்பு தொட்ட ஒடனே நெஞ்சு தானா எந்திரிச்சிருது, அவன் என்ன செய்வான். சரின்னு எங்கய்யா மாதிரி கேள்வி கேட்டேன். பதில் சொன்னான், நெஞ்சு எறங்கிட்டு. முப்பத்திரெண்டு. அதுல இருந்து மூச்ச இழுக்கச் சொன்னா முப்பத்தி நாலே கால். என்ன வேணும் இதுக்கு மேல? இதேமாதிரி அங்கன போய் நில்லுன்னேன்.

அவன் மேல பாத்தான். நம்ம தலைக்கு மேல இருக்கே, அந்தத் தட்டோட்டியத்தான் பாத்தான். "அந்த முப்பத்தி நாலு சுவத்துல இருக்கிற வரைக்கும் என்னால மூச்ச விட முடியாதுலே."

சொல்லிட்டு ஏறிட்டான். மேல நடந்ததுல இது மட்டும் எனக்கு நேர்ல தெரியும், ஏன்னா அன்னைக்குச் சாயங்காலம் இரும்புச் சத்தம் நின்னு போச்சு. டப்பா துள்ளல. நான் தையல் மிசினை நிப்பாட்டிட்டுக் கேட்டேன், ஒண்ணும் இல்ல.

மேல என்ன நடந்துச்சுன்னா, பன்னெண்டு பதிமூணு பேரு இருக்கும்போதே ஆறுமுகசாமி அண்ணாச்சிகிட்ட போய், என் அளவ அழிச்சிட்டு மறுபடி எடுங்கன்னிருக்கான். மாசப் பொறப்புக்கு இன்னும் நாளு இருக்கேன்னாவளாம். இல்ல, இது மூச்ச இழுத்து வச்சிருந்த அளவு, இப்ப விட்டுட்டு நிக்கேன்னு சொல்லியிருக்கான். சொல்லிட்டு விட்டான் பாத்துக்கிடுங்க, அஞ்சு மாசத்து மூச்சு. வயிறு முன்னால வந்து, தோளு எறங்கி, எலும்பு தெரிய நின்னிருக்கான். அவிய அளந்தாவ. முப்பத்தி நால அழிச்சிட்டு முப்பத்திரெண்டுன்னு எழுதுனாவ. ஒருத்தனும் சிரிக்கல. சிரிக்க நேரம் இல்ல, அவனவன் கண்ணு அவனவன் நம்பர் மேல போயிட்டு.

கொஞ்ச நேரம் கழிச்சு சோலைமுத்து, மில்லுல பஞ்சுப் பேல் தூக்குறவரு, சுவத்துல நாப்பத்திரெண்டு போட்டிருக்கும், தொண்டையக் கனைச்சிட்டு வந்து, எனக்கும் ஒருக்கா அளந்துருங்கன்னாராம். முப்பத்தி ஒம்பதரை. அவருக்குப் பின்னால இன்னொருத்தர். அப்புறம் வரிசை. கடைசியில ஆறுமுகசாமி அண்ணாச்சியே டேப்ப சோலைமுத்து கையில குடுத்துட்டுக் கைய எறக்கிட்டாவ. அன்னைக்கு ஒரு சாயங்காலத்துல அந்த மாடியில மொத்தம் இருபத்தாறு இஞ்சு கொறைஞ்சிதுன்னு அவியதான் என்கிட்ட சொன்னாவ. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாவ.

அதுக்கப்புறம் என்ன, மூச்சு விட்டுக்கிட்டு எடுத்தா தண்டால் வராமப் போவுமா? நாப்பது, அம்பதுன்னு போச்சு. ஆள் எடுப்புல டேப்பு நெஞ்சத் தொட்ட நேரம் நெஞ்சு எந்திரிக்கப் பாத்துச்சாம். இவன் ஒடனே, ஐயா என் பேரு சங்கரபாண்டி, ஊரு இது, அம்மை பேரு வெயிலுகந்தம்மாள்னு ஒப்பிக்க ஆரம்பிச்சிட்டான். அந்த ஆபீசரு நிமிந்து பாத்து, "நான் கேட்டேனாய்யா?" "இல்லய்யா." அதுக்குள்ள முப்பத்திரெண்டே காலுன்னு எழுதியாச்சு. விரிச்சதும் முப்பத்தி நாலே முக்கால். இப்ப நாகர்கோவில்ல இருக்கான். அம்மை வேலைய விட்டாச்சு. சும்மா இருக்க முடியலன்னு ரெண்டு ஆடு வளக்கா.

என்னது? என்ன கேட்டீங்க?

அசையாதீங்க, அசையாதீங்க... முப்பத்தி மூணு. வந்துட்டு. பேசிட்டீங்க பாத்தீங்களா. இதுக்கு நான் இம்புட்டுக் கதை சொல்ல வேண்டியிருக்கு. எழுதிக்கிடுதேன், இருங்க.

கேட்டதுக்குப் பதிலா... நான் மேல போயிருக்கேனான்னு கேக்கீங்க. போகாம என்ன, இந்தா இருக்கு படி. கடைய யாரு பாக்க? எங்கய்யாவுக்கு வேற கண்ணு தெரியல. காஜா எடுக்கணும், எம்ப்ளாய்மெண்ட்ல கார்டு புதுப்பிக்கப் போவணும்...

இல்ல அண்ணாச்சி. போனதில்ல. நாலு வருசத்துல, ஆளு இருக்கும்போது ஒரு வாட்டி கூடப் போனதில்ல. சங்கரபாண்டியாவது நாலு படி ஏறித் திரும்புனான். எனக்கு மொத படியிலயே காலு நின்னுரும். எல்லாத்துக்கும் அளவு எடுக்கேன், எனக்குன்னு ஒரு சட்டை தச்சா பழைய சட்டைய வச்சுத்தான் வெட்டுவேன். அவனுக்கு மூச்ச இழுக்கச் சொல்லிக் குடுத்தேன்ல, அது டேப்பப் பாத்துப் பழகுனதுன்னு சொன்னேன். அதுவும் முழுசா நெசம் இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா நான் அப்பிடித்தான் நடப்பேன்.

அண்ணாச்சி, எங்க கெளம்பிட்டீங்க? கையளவு இன்னும் எடுக்கல... காலர் எப்பிடின்னும் சொல்லல. சரி, ஏறுங்க. செருப்பக் கீழயே விட்டுட்டுப் போங்க. துணி இருக்கட்டும், எங்கயும் போயிராது.

ஏறிக்கிட்டே கேளுங்க. சங்கரபாண்டி நாகர்கோவிலுக்குப் போறன்னைக்கு, மேல சுவத்துல உன் பேரையும் எழுதியிருக்கேன்லேன்னான். கேலி பண்ணுதான்னு விட்டுட்டேன். பொங்கலுக்கு மேல வெள்ளையடிச்சாங்க. அப்பிடியே எழுதியிருந்தாலும் போயிருக்கும்னு நெனைச்சேன். ஆனா மனசு கேக்கல. போன மாசம் ஒரு மத்தியானம், மேல யாரும் இல்லாத நேரமாப் பாத்து ஏறிப் போனேன்.

கடைசி வரி. தங்கச்சாமின்னு இருக்கு, எதுக்க அளவு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரிய மட்டும் விட்டுட்டு, சுத்தி வெள்ளையடிச்சிருக்காவ.