மேல்பட்டையில தாத்தா பேரு

யாரு, பர்லாவா அனுப்பிச்சாரு? பெட்ரோல் பங்குல இருப்பாரே, இடது சட்டைக்கையை மடிச்சு ஊக்கு குத்திக்கிட்டு, அவரா? கென்டக்கி மலைப்பக்கம் துப்பாக்கி வேலைக்கு இந்த வெர்லினை விட்டா ஆளில்லைன்னு சொல்லியிருப்பாரே. சொல்லுவாரு. என் பொஞ்சாதி ஒனைடா கூடப்பொறந்தவரு. எனக்கு மச்சான். உக்காருங்க தம்பி. ஸ்டூல்ல இரும்புத்தூள் கெடக்கும், தட்டிட்டு உக்காருங்க.

துப்பாக்கிக் குழலைக் குடுங்க பாப்போம். ம்... எட்டுப்பட்டை. நல்ல கனம். பட்டையெல்லாம் அரத்தால ராவி, நுனிப்பக்கம் உருட்டி, மெலிசாக்கிப் புதுக் கட்டையில பூட்டணும், அதானே? மலையேறுனா தோள் விட்டுப் போகுது. ஆமா. மச்சானும் இதையேதான் சொன்னாரு.

பின்பக்கம் மேல்பட்டையில பேரு வெட்டியிருக்கே, யாரு? உங்க கொள்ளுத்தாத்தா செஞ்சதா. அது மேலயேதான் இருக்கணுமாக்கும். தெரியும் தம்பி, கேக்கவே வேணாம். இந்தப் பக்கத்துல செத்தவன் பேரைப் பக்கவாட்டுல திருப்பி வைக்க எவன் சம்மதிப்பான்?

அதுலதான் வினை. இந்தப் பழைய குழல்ல வெளியே பாத்தா எட்டுப் பட்டையும் ஒரே அளவா இருக்கும். உள்ள துளை நேரா போகாது. நடுவுல ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், நம்ம ஓடை மாதிரி. அதனால மொதல்ல துளையை அளக்கணும், அப்புறந்தான் அரத்தைத் தொடணும். கனமான பக்கம் எதுவோ அதை மேல திருப்பி, குறி பாக்குற தகடு உக்கார்ற காடியை, அந்தப் பள்ளத்தை, அங்க வெட்டணும். பேரு எந்தப் பக்கம் போனா என்ன? இப்ப சொல்றேன் நல்லா.

மச்சான் கொண்டாந்த குழல் அவங்க தாத்தா செஞ்சது. என் மாமனார் வீட்டுல ஞாயித்துக்கெழமை, சோள ரொட்டியும் பீன்ஸும் வச்சிக்கிட்டு எல்லாரும் உக்காந்திருக்கையில, மான் சீசனுக்குள்ள வெர்லின் முடிச்சுக் குடுத்துருவான், பாருங்கன்னாரு. மாமனார் ஒரு சிரிப்பு சிரிச்சாரு. இவனான்னு. அந்தச் சிரிப்புதான்.

எனக்கு ரோஷம். ராவுனேன், உருட்டுனேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் அளந்தேன். ஆமா தம்பி, அப்புறந்தான். துளை மேல ஒதுங்கியிருக்கு. தாத்தா பேருக்கு நேர் முன்னால, காடி வெட்ட வேண்டிய எடத்துல, குழலோட சுவரே இல்லாத மாதிரி மெலிசு.

காப்பி வேணுமா? வேணாமா. சரி.

காடியை வெட்டிட்டேன். பேரு மேல இருக்கணும்ல. வெட்டுறப்பவே அரத்தோட சத்தம் மாறுச்சு. கனமான இரும்புல அரம் முனகும், மெலிஞ்சதுல கீச்சுங்கும். கேட்டுச்சு. நிறுத்தல. தாத்தா குழலைக் கெடுத்துப்புட்டேன்னு மாமனார் முன்னால போயி நிக்க மனசு வரல.

மச்சான் சுட்ட நாலாவது குண்டுல குழல் வெடிச்சது. தாங்கிப் புடிச்ச இடது கை அங்கதானே இருக்கும்.

ஆஸ்பத்திரியில மச்சான் கண்ணு முழிச்சு, எப்படி வெர்லின் ஆச்சுன்னு என்னையத்தான் கேட்டாரு. அவரு தோட்டாவுக்கு வெடிமருந்து அவரே அளந்து போடுவாரு, சமையக்கட்டு மேசையில. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மருந்து போடறப்ப ரேடியோ ஓடிச்சா மச்சான்? அவ்வளவுதான். மிச்சத்தை அவரே கட்டிக்கிட்டாரு. பந்தாட்டம் கேட்டுக்கிட்டே ரெண்டு தடவை மருந்து போட்டுட்டேன் போலன்னாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

இருவத்திரெண்டு வருசமாச்சு. சுரங்கத்துல லேத் மெஷின்ல ராஜா மாதிரி இருந்த மனுசன், இன்னைக்கு கார் கண்ணாடி தொடைக்கிறாரு. மான் சீசன் வந்தா சர்ச்சுல எழுந்து நின்னு காலிச் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டுவாரு. என் கவனக்கொறைவு, நீங்களாவது சூதானமா இருங்கன்னு. ஒனைடா என் பக்கத்துல உக்காந்து கண்ணைத் தொடைச்சுக்குவா. போன வாரமும் சொன்னாரு. சொல்லிட்டு வெளிய வந்து, வெர்லின், உன் வேலையைப் பாழாக்கிட்டேன்டா, மன்னிச்சுக்கோன்னாரு. எத்தனையாவது தடவையோ.

இல்ல தம்பி, உங்க குழலை நான் வாங்கிக்க மாட்டேன். வேலை தெரியாம இல்ல.

திரும்ப அந்தப் பங்கு வழியாத்தானே போறீங்க? பெஞ்சுக்கடியில ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு, எடுங்க. ம், அதான். கனமாத்தான் இருக்கும். கிழிஞ்ச குழல், காடி இருந்த துண்டு. அன்னைக்கு நானே பொறுக்கிட்டு வந்தேன், இதை நீங்க பாக்க வேணாம் மச்சான்னு சொல்லிட்டு. அளவு பாக்குற கருவியும் உள்ள கெடக்கு.

அவர் கையில குடுத்துருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். லேத் வேலை பாத்தவரு, சுவரு எவ்வளவு மெலிசுன்னு அளக்க ஒரு கை போதும். அளந்து பாத்தப்புறமும் வெர்லின்கிட்டயே போங்கன்னு சொன்னாருன்னா, அப்பக் கொண்டாங்க உங்க குழலை.