நாய்ப்பண்ணை அட்ரஸில் பால்கோவாக் கடை

பிரேம்குமார்: செத்த இருங்க அண்ணாச்சி... இன்னொரு தடவை அடிச்சுப் பாப்போம்.

சேதுபதி: ஏலே, எம்புட்டுத் தடவைடா அடிக்க? ராஜபாளையம் நாய்ப்பண்ணைன்னு வெப்சைட் அட்ரஸ் வாங்கித் தந்தவன் நீ. அதை அடிச்சா பால்கோவாக் கடை வருது. நான் என்ன ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடையா வச்சிருக்கேன்?

கனகலட்சுமி: விடுங்க. தம்பி லேப்டாப்புல பாத்து சரி பண்ணிரும்.

சேதுபதி: எப்படிட்டி விட? நம்ம வெப்சைட்டு வந்துருச்சு, தொறந்து பாருங்கன்னு காலையிலயே சொந்தக்காரங்க குரூப்புல அனுப்பிட்டேன். சேத்தூர் மச்சான் போனைப் போட்டு, நாயை வித்துட்டு பலகாரம் போடுதீரான்னு சிரிக்கான்.

பிரேம்குமார்: தப்பு எம்மேலதான். என் கஸ்டமர் சைட் எல்லாம் ஒரே சர்வர்ல இருக்கு. எந்தப் பேரைக் கேட்டா எதைக் காட்டணும்னு செட்டிங்ல எழுதணும். உங்க அட்ரஸ் பேரை எழுத மறந்துட்டேன்.

சேதுபதி: மறந்தா ஒண்ணுமே வராம இருக்கணும்ல?

பிரேம்குமார்: அதுக்கு டீஃபால்ட்டுன்னு ஒரு வெத்துப் பக்கம் வைக்கணும்... அதையும் வைக்கலை. வைக்கலைன்னா, தெரியாத பேருல யாரு வந்தாலும் மொத சைட்டைக் காட்டிரும். எங்கிட்ட மொத சைட்டு இந்தக் கடை.

சேதுபதி: நல்லா வச்சே போ. கொண்டா, எவன் கடைன்னு பாப்போம். கண்ணாடி எங்கட்டி?

கனகலட்சுமி: அதெதுக்கு இப்ப... சாப்பிட வாங்க.

சேதுபதி: எடுன்னு சொல்லுதேன்.

கனகலட்சுமி: ...இந்தாங்க.

சேதுபதி: அந்தப் போட்டோவைப் பெருசாக்குடா... இன்னும் கொஞ்சம்.

பிரேம்குமார்: என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்குது?

சேதுபதி: இது... மாரிச்செல்வி.

பிரேம்குமார்: ஆமா, கடைக்கார அக்கா பேரு அதான். தெரியுமா உங்களுக்கு?

சேதுபதி: எம்மகடா.

பிரேம்குமார்: ஐயோ... சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி. வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்புனாங்க, ஏத்துனேன். அம்புட்டுத்தான்.

சேதுபதி: அந்தப் பயகூட அவ போன அன்னைக்கு, எம்மக செத்துட்டான்னு ஊரு முன்னால தலைமுழுகுனேன். அவ பேரை எவன் எடுத்தாலும் பேச்சுவார்த்தை கெடையாதுன்னேன். இப்ப எங் கையாலயே... அம்புட்டுச் சொந்தத்துக்கும் அவ மூஞ்சிய அனுப்பியிருக்கேன். நான் எப்படி வெளிய தலைகாட்ட?

கனகலட்சுமி: மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

சேதுபதி: உள்ள அடுப்புல கிண்டிக்கிட்டு நிக்கான் பாரு, அவந்தான். இவ இடுப்புல பொம்பளப்பிள்ள... பல்லு மொளைச்சிருச்சு.

பிரேம்குமார்: உங்க பேரை எழுதிட்டா இது போயிரும், இந்தா எழுதுதேன்... ஆமா, அந்த அக்கா காலடியில நிக்கிறது உங்க நாய்தானே? காதுல வெட்டு இருக்கு. உங்க படத்துலயும் இருந்துச்சே, சிப்பாய்னு.

சேதுபதி: ராஜபாளையம் நாய்னா எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும். நீ வேலையப் பாரு.

கனகலட்சுமி: காதுமா வெட்டுப்பட்டிருக்கும்? சிப்பாயைப் பெங்களூர்ல பட்டாளத்துக் கூட்டாளிக்குக் குடுத்தேன்னீங்க...

சேதுபதி: குடுக்கலை. கடையும் வீடும் ரோட்டுமேல ஒத்தையில இருக்குன்னாங்க. விடியுமுன்ன அவன் பால் வாங்கப் போயிருவானாம். கைப்பிள்ளையோட இவ தனியா கெடப்பாளேன்னு... மனசு கேக்கலை. அவ வாசல்ல சிப்பாயைக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டேன். அவளைப் பாக்கக்கூட இல்லை.

கனகலட்சுமி: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.

சேதுபதி: எந்த வாயால சொல்ல?

பிரேம்குமார்: அண்ணாச்சி, எழுதியாச்சு. சர்வரை ரீலோடு பண்ணவா? பண்ணுனா இந்தப் போட்டோ போயிரும்.

கனகலட்சுமி: பண்ணுப்பா, பண்ணு.

சேதுபதி: பொறுலே. கனகு... சிப்பாய் நிக்கிற நெலையைப் பாத்தியா?

கனகலட்சுமி: நல்லாத்தான் நிக்குது.

சேதுபதி: அந்நிய ஆளு எதுக்க நின்னா காதை விரைச்சுக்கிட்டு உறுமும் இது. இங்க எதுக்க நின்ன ஆளைப் பாத்துக் காதை மடக்கி, முன்னங்காலை நீட்டி, வாலாட்டுற மாதிரி நிக்குது. குட்டியில இருந்து பால்சோறு வச்ச கையைப் பாத்தாத்தான் இப்படிக் குழையும். மக பக்கத்துல நிக்கா. மாப்பிள்ளை... அவன் அடுப்படியில நிக்கான். அப்ப இந்தப் போட்டோவை எடுத்தது யாருட்டி?

கனகலட்சுமி: ...சனிக்கிழமை தவறாம, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்க திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைக் கும்பிடப் போறேன்னு பஸ் ஏறுவேன்ல. எறங்குனா நேரா மக கடைக்குத்தான். அந்த மலையில இன்னும் ஒரு படிகூட நான் ஏறுனதில்லைங்க.