ஆண் ஒன்று, பெண் இல்லை

இரவு பதினொன்றரை மணி. இங்கே அவுஸ்திரேலியாவில், ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு தெரு நேராகப் போகும்... லொறிகள் போய்விட்டால் அதில் ஒரு நாய்கூட நிற்காது. அந்தத் தெருவில்தான் அருந்தவன் பின்னேர வேலை முடிந்து தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தான்.

அருந்தவன் யாரென்றால், என் சினேகிதி தாரிணியின் அத்தான். அவளுடைய அக்கா நிரூபாவின் புருஷன். தாரிணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. அதற்கு வேண்டிய கற்பனை அவளுக்குக் கிடையாது.

ரேடியோ போடவில்லை. ரயர் சத்தம் மட்டும். அப்போது... டிங். டிங். டிங். பின் சீற்றில் ஆரோ பெல்ற் போடவில்லை என்று கார் சொன்னது. பின் சீற்றில் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டுப் பெட்டிகூட முன்னால்தான் கிடந்தது.

"சென்சர் பழுதா இருக்கும்," என்றாள் கமலினி, போர்வைக்குள் இருந்து. இந்தக் கராஜில் கதை கேட்கக் கூடியிருக்கும் எங்களில் அவள்தான் இன்ஜினியர்.

"அவனும் அப்பிடித்தான் நினைச்சவன். பழுதான சென்சர் மணக்காது, பிள்ளை," என்றேன்.

காருக்குள் தார் மணத்தது. தாரும் நனைந்த கயிறும். பிறகு ஒரு செருமல்... நெஞ்சுச் சளியோடு, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதென்று அடக்கிச் செருமுவதுபோல. அருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கித் தன் கதவைச் சாத்தினான். ஒரு கதவைத்தான் சாத்தினான். இரண்டு சத்தம் கேட்டது.

அன்றைக்கு ஆடி அமாவாசை. காலையில்தான் அல்டோனாக் கடற்கரையில், இந்த நாட்டு ஆடி மாதப் பனிக்குளிருக்குள் நின்று, பிதிர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டிருந்தான்.

காரணம் இருக்கிறது. நிரூபாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். வாங்கின தொட்டிலைப் பெட்டி பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் காரில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அந்தப் பெட்டியின் பாரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஊரில் ஒரு சாத்திரியார் போனிலேயே சாதகக் குறிப்புப் பார்த்தார். உங்கள் பரம்பரையில் கடல் கடந்து போய், ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடைக்காமல் நிற்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொடுங்கள் என்றார். அப்படி ஒருவர் உண்டுதான். அருந்தவனின் பூட்டன் சின்னையாவின் தகப்பன். மகனைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினவர். திரும்பவில்லை. கோபத்தில் வீட்டில் அவர் பெயரையே எடுக்காமல் விட்டு, கடைசியில் பெயரும் மறந்துபோயிற்று. பெயரில்லாத ஆளுக்கு எப்படித் தண்ணீர் விடுவது?

அருந்தவன் தேட ஆரம்பித்தான். பழைய குடிசன மதிப்புப் பதிவுகள், கப்பல் பதிவுகள், இரவிரவாகக் கம்பியூட்டர். கிளேட்டனில் நூலகத்தில் வேலை செய்கிற சுஜீதன்தான் வழி காட்டினவன்.

"ஊரும் மகன்ரை பேரும் பொருந்தினால்தான் உங்கடை ஆள், அண்ணை. அவசரப்படாதேங்கோ," என்று அவன் சொன்னவன்.

அமாவாசைக்குக் கிட்டத்தில் ஒரு பதிவு அகப்பட்டது. சிட்னி, ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. அந்தக் குடிசன மதிப்புப் பதிவில் வீட்டுத் தலைவனின் பெயர் மட்டும்தான் எழுதுவார்கள், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. துறைமுகத்துப் பக்கம் ஒரு குடிசை. பெயர், முத்து. ஆண் ஒன்று, பெண் இல்லை.

ஊர் இல்லை, மகன் பெயர் இல்லை. ஆனால் தமிழ்ப் பெயர், தனி ஆள், காலமும் சரி. இன்னொரு வருஷம் பொறுக்க நிரூபாவின் முகம் விடவில்லை. கடற்கரையில் ஐயர் பெயர் கேட்டபோது, சின்னையாவின் தகப்பன் முத்து என்றான்.

அன்றிரவிலிருந்து அந்த வீட்டில் தார் மணம். நடைபாதைக் கோடியில் செருமல். ஐப்பசியில் நிரூபாவுக்கு நாள் தள்ளிப் போயிற்று... பிறகென்ன, பயம் போய் மரியாதை வந்துவிட்டது. குடும்பத்துக் கிழவர் காவலுக்கு வந்திருக்கிறார் என்று அவள் பின்னேரங்களில் நடைபாதையில் பால் விடாத பிளேன்ரீ ஒரு கோப்பைகூட வைத்தாள்.

மாசியில் சுஜீதன் போன் எடுத்தான்.

"அண்ணை, உங்கடை ஆள் அம்பலவாணர். குயின்ஸ்லாந்திலை கரும்புத் தோட்டத்திலை செத்தவர், ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தெட்டிலை. மரணப் பதிவிலை பருத்தித்துறை எண்டும் இருக்கு, மகன் சின்னையா எண்டும் இருக்கு. நீங்கள் தண்ணி விட்டது வேறை ஆருக்கோ."

அருந்தவன் ஐயரிடம் ஓடினான். ஐயர் சொன்னது இதுதான்.

"தகப்பன் எண்டு கூப்பிட்டு இருத்திப்போட்டு, இனி எழும்பிப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரண்டு பேருக்கும் குடுங்கோ, வருஷா வருஷம். உங்களுக்குப் பிறகு உங்கடை மகன் குடுக்கட்டும்."

அடுத்த கிழமை ஸ்கான். பெண் பிள்ளை.

குசினியில் வைத்து அருந்தவன் அதைத் தாரிணிக்குப் போனில் சொன்னான். மகள் என்று வாய் திறந்ததும்... தார் மணம் அற்றுப்போயிற்று. பிறகு நடைபாதையில் ஒரு ஆண் அழும் சத்தம். வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு அழுவதுபோல. அதே நேரம் நிரூபா சுவரைப் பிடித்தாள். இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. அதே ஐந்தாம் மாதம்.

அருந்தவன் போனை வைக்கவில்லை. அதனால் நிரூபா இருட்டைப் பார்த்துச் சொன்னதைத் தாரிணியும் கேட்டாள்.

"அழாதேங்கோ. இவள் விடுவாள் உங்களுக்குத் தண்ணி. ஆம்பிளைதான் விடவேணும் எண்டு ஆர் சொன்னது? என்ரை பிள்ளையை எனக்கு விடுங்கோ."

அழுகை நின்றது. அம்புலன்ஸ் வரமுன்னம் இரத்தமும் நின்றது. மாதம் நிறைந்து பிள்ளை சுகமாகப் பிறந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த முத்துவில் பயத்தைவிடப் பாவம்தான் கூட. இத்தனை காலத்தில் ஒருவன் ஒரு தரம் கூப்பிட்டான், அதுவும் ஆள்மாறி. ஆனால் நிரூபா அன்றைக்கு யோசித்துப் பேசவில்லை. பிள்ளையின் ஆயுளுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டாள். அதை நினைத்து அவள் இப்போது சரியாக நித்திரை கொள்வதில்லை.

பிள்ளைக்கு ஒன்றரை வயது. போன சனிக்கிழமை பார்க்கப் போனேன். இது நான் கண்ணால் கண்டது. விளையாடிக்கொண்டிருந்தவள் எழும்பி, தன் தண்ணீர்க் கோப்பையோடு தத்தித்தத்தி நடைபாதைக் கோடிக்குப் போனாள். கோப்பையை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கையில் தண்ணீரை ஊற்றி, பெருவிரல் பக்கமாகச் சரித்து விட்டாள்... பிதிர்களுக்கு விடுவது அப்படித்தான். அந்தப் பிள்ளையை ஒருநாளும் கடற்கரைக்குக் கொண்டுபோனதில்லை. ஒருவரும் காட்டிக் கொடுத்ததும் இல்லை.

நிரூபா துணி எடுத்து வந்து குனிந்தாள். நானும் குனிந்து பார்த்தேன்.

தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.