இரண்டு கறுப்புப் பட்டை

மூன்று டிவியை ஒட்டி ஒரே டிவியாக ஆக்கலாம் என்று அறுபத்தொன்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கிழவனுக்கு எதற்கு இது என்று என் வீட்டு ஹாலில் நின்று கேட்டீர்கள். சொல்கிறேன் சார். உங்கள் பேப்பரில் ஒன்று தப்பாக இருக்கிறது, அதைத் திருத்தத்தான் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தம்புசாமி என் பேர். கிள்ளானில் முப்பத்தொரு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். இடது கண் போய்விட்டது, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் லெட்டர் கொடுத்தார். ஒரு டார்ச் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை. அடுப்பில் போடு என்று என் சம்சாரம் இராஜம்மாவிடம் கொடுத்தேன். அவள் போடவில்லை. அலமாரியில் சேலைக்கு நடுவில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

வேன் இல்லையென்றால் ஷா ஆலமில் மகள் வீட்டில் உட்கார வேண்டும். ஒரு தடவை நாலு நாள் இருந்தேன். வேன் சாவியைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். மகள் சிரித்தாள். அன்றைக்கே கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன்.

கண்ணைப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லோகன், சின்னதில் என் வேனில் வந்தவன். பஸ் ஓட்டுகிற கேம் இருக்கிறது, மூன்று மானிட்டரை வளைத்து வைத்தால் பக்கத்து ஜன்னல்கூடத் தெரியும் என்றான். ஸ்டியரிங்கோடு வந்து மாட்டிக் கொடுத்தான். முதலில் ரோட்டுக் கோடு ஒரு டிவிக்கும் அடுத்த டிவிக்கும் நடுவில் ஒடிந்து தெரிந்தது. எதையோ தட்டினான், நேரானது.

"நடுவுல இந்தக் கறுப்புப் பட்டை இருக்குல்ல அங்கிள், அதுக்குப் பின்னாலயும் ரோடு போகுதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டேன். இப்ப மூணும் ஒண்ணு."

"பட்டைக்குப் பின்னால ஒரு ஆள் இருந்தா?"

"தெரியாது லா. நடந்தான்னா இந்தப் பக்கம் வெளிய வந்துருவான்."

"வரலைன்னா?"

"அங்கயே நிக்கிறான்னு அர்த்தம். கேம் தானே அங்கிள், இடிச்சாலும் எந்திரிச்சுப் போயிருவான்."

ஆறு வாரம் தினம் ஓட்டினேன். இராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

"இன்னிக்கு எத்தனை பேரு?"

"ரெண்டு."

"பரவால்ல, நேத்து அஞ்சு. அந்த ஐஸ்கிரீம்காரன் உங்களுக்கு என்னதான் செஞ்சான்?"

நானும் சிரித்தேன். நிஜ வேனிலும் இடது சீட்டில் அவள்தான். அவள் "கிளியர்" என்றால்தான் இடது பக்கம் திருப்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக்கூட இடிக்காமல் ஓட்டி முடித்தேன். கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"டிவியில செத்தவன் எந்திரிக்கிறான். நம்ம வேன்ல பதினாலு பிள்ளைங்க. தினம் சாமியைக் கூப்பிட்டுக்கிட்டே உட்கார்ந்து வரேன். நாளைக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல லெட்டரைக் குடுக்கப் போறேன்."

"குடுக்காத."

"கால்ல விழுந்தாலும் குடுப்பேன்."

விழுந்தேன் சார். நாற்பத்துமூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காலை உருவிக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினேன். லெட்டர் இருந்த பையோடு இடது கதவு வழியே இறங்கினாள். வேனுக்கு முன்னால் சுற்றி எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும்.

வேனின் இடது கதவுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கறுப்புத் தூண் உண்டு. அதற்குப் பின்னால் போனாள். இந்தப் பக்கம் வெளியே வரவில்லை. செருப்பு வார் கழன்றிருக்கும், அடிக்கடி கழலும். தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மூன்று எண்ணினேன். வரவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

விபத்து, டிரைவருக்கு இடது பக்கம் கண் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்திலும் பாவம் கண் தெரியாத மனுஷன் என்கிறார்கள். அது பொய். அவள் எங்கே நின்றாள் என்று எனக்கு அங்குலம் பிசகாமல் தெரியும். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு வேன் சாவியைக் கொடுங்கள் சார், நாளைக்கு ஆறு மணிக்குப் பிள்ளைகள் காத்திருக்கும்.